படகில் டீசல் ஹீட்டர்: விடியற்காலையில் மட்டும் பற்றவே மாட்டேன் என்கிறது, இ-10 காட்டுகிறது

ஆல்பர்ட்டன்_படகு

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள், இரண்டு வாரமாக ஒழுங்கான தூக்கம் இல்லை.

லண்டனில் கிராண்ட் யூனியன் கால்வாயில் 28 அடி ஃபைபர் படகில் குடியிருக்கிறேன். வாடகை கொடுத்து மாளவில்லை என்று போன வருடம் வாங்கியது. நிரந்தரமாகக் கட்டிப்போட இடம் கிடையாது, 14 நாளுக்கு ஒரு தடவை அவிழ்த்துக்கொண்டு நகர வேண்டும். இப்போதைக்கு ஆல்பர்ட்டன் பக்கம் நிற்கிறேன், ஈலிங் ரோடு நடக்கிற தூரம், கறிவேப்பிலைக்குப் பஞ்சமில்லை, சூட்டுக்குத்தான் பஞ்சம். சொந்த ஊர் தூத்துக்குடி. படகு என்றால் பிழைப்புக்குப் போகிற இடம், அதில் போய் எவனாவது குடித்தனம் நடத்துவானா என்று அம்மா இன்னமும் கேட்கிறார்.

ஹீட்டர் ஒரு மலிவான சீன டீசல் ஏர் ஹீட்டர், 12 வோல்ட். பெட்டியில் 8 கிலோவாட் என்று போட்டிருந்தது. அக்டோபரில் நானே பொருத்தினேன். பின்பக்க லாக்கருக்குள் ஹீட்டர், அங்கேயே தரையில் 10 லிட்டர் பிளாஸ்டிக் டேங்க், பம்ப் அதற்கு ஒரு முழம் மேலே தடுப்புப் பலகையில் பிளாஸ்டிக் டையால் கட்டியிருக்கிறேன். பேட்டரி முன்பக்கம் படுக்கைக்கு அடியில், அதனால் வயரை 6 மீட்டர் நீட்ட வேண்டியிருந்தது. புகைக்குழாய் கிட்டில் வந்த சைலன்சரோடு லாக்கர் வழியாகப் பக்கவாட்டில் வெளியே போகிறது.

பிரச்சினை இதுதான். மதியம் என்ஜினை ஓடவிட்டு ஹீட்டரைப் போட்டால் முதல் தடவையே பற்றிக்கொள்கிறது. அதே ஹீட்டர் விடியற்காலை ஐந்து மணிக்கு, வெளியே மைனஸ் 3 இருக்கும்போது, பம்ப் டிக் டிக் என்கிறது, வெள்ளையாகப் புகை குபுகுபுவென்று வருகிறது, அப்புறம் அணைகிறது, மறுபடி ஒரு முயற்சி, அப்புறம் இ-10. என்னிடம் இருக்கும் சீட்டில் இ-10 என்றால் இரண்டு முறை முயன்றும் பற்றவில்லை என்று இருக்கிறது. நான் விடாமல் நாலைந்து முறை போட்டுப் பார்ப்பேன். எப்போதாவது ஒரு தடவை 'டொம்' என்று சத்தத்தோடு பற்றும், அப்போது கால்வாய் முழுக்க வெண்புகை, எதிர்ப் படகுக்காரர் ஜன்னலைத் திறந்து பார்ப்பார்.

குளோ பிளக் (சூடாகி டீசலைப் பற்றவைப்பது) மாற்றிவிட்டேன். டீசலைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றினேன். பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது, ஹீட்டரின் கன்ட்ரோலரிலேயே 12.3 வோல்ட் காட்டுகிறது. இனி பர்னரைக் கழற்றிக் கரி எடுக்க வேண்டியதுதானா? இன்னொன்று, அந்த டிக் டிக் சத்தம் படகு முழுக்க மத்தளம் மாதிரி கேட்கிறது, அதற்கும் ஏதாவது வழி உண்டா? தூங்கினால் போதும் என்று இருக்கிறது. எழுந்தால் தலை கனம் வேறு, சளி என்று நினைக்கிறேன். முந்தாநாள் ராத்திரி சிஓ (கார்பன் மோனாக்சைடு) அலாரம் வேறு கத்தித் தொலைத்தது, பேட்டரி தீர்ந்திருக்கும் என்று கழற்றி வைத்துவிட்டேன்.

நாகை_டீசல்

தம்பி, நான் நாகப்பட்டினத்தில் விசைப்படகு என்ஜின் வேலை பார்க்கிறேன். எங்களுக்கு ஹீட்டர் எதற்கு, இங்கே மார்ச் மாதமே ஃபேனுக்கு அடியில் படுத்துக் கிடக்கிறோம். ஆனால் டீசல் எங்கே எரிந்தாலும் டீசல்தான்.

வெள்ளைப் புகை என்றால் எண்ணெய் போகிறது, ஆவியாகிறது, பற்றவில்லை. கறுப்புப் புகை என்றால் பற்றிவிட்டது, காற்றுப் பத்தவில்லை அல்லது எண்ணெய் அதிகம். உனக்கு வெள்ளை. அதனால் பம்ப் வேலை செய்கிறது என்று வைத்துக்கொள்ளலாம், நெருப்பு மூட்டுகிற பக்கம்தான் கோளாறு. குளோ பிளக் நுழைகிற துளைக்குள் ஒரு சின்னக் கம்பி வலை இருக்கும், டீசல் அதில் நனைந்துதான் ஆவியாகும். அது கரி பிடித்து அடைத்திருந்தால் புது பிளக் போட்டும் பிரயோசனம் இல்லை. அதைக் கழற்றிப் பார்.

அந்த 'டொம்' இருக்கிறதே, அது நல்லதில்லை. பற்றாமல் போன ஒவ்வொரு தடவையும் ஊற்றின டீசல் உள்ளேயே தேங்கி நிற்கும். நீ நாலைந்து முறை போட்டால் அத்தனையும் சேர்ந்துதான் கடைசியில் ஒரே மூச்சில் பற்றுகிறது. இரண்டு தடவைக்கு மேல் முயற்சி பண்ணாதே, விட்டுவிடு, காயட்டும்.

அப்புறம் புகைக்குழாயில் தண்ணீர் தேங்குகிறதா பார். குழாய் எங்காவது தொய்ந்து பள்ளமாக இருந்தால் குளிருக்கு நீராவி அங்கே தண்ணீராக நிற்கும், புகை வெளியேறாது. பள்ளத்தில் மூணு மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று போட்டுவிட்டால் வடிந்துவிடும்.

ஊர்சுத்தி

ரெண்டு ரூம் ஹீட்டர் வாங்கி பிளக்கில் சொருகினால் முடிந்தது. இதற்கு எதற்கு இவ்வளவு பாடு?

பேர்கன்_படகோட்டி

தம்பி, ஹீற்றர் பற்றுதோ இல்லையோ அது பிறகு. நீங்கள் கடைசி இரண்டு வரியில் சும்மா எழுதிவிட்டுப் போனதைத்தான் நான் மூன்று தரம் வாசித்தேன். காலையில் தலை கனம், இரவில் சிஓ அலாரம் அடித்தது, அதைக் கழற்றி வைத்தீர்கள். இதை வாசித்தவுடன் அந்த அலாரத்துக்குப் புதுப் பற்றரி போட்டுத் தலைமாட்டில் வையுங்கள். குழாய் முழுக்கச் சோதித்து முடியும்வரை ஹீற்றரைத் தொட வேண்டாம். குளிரென்றால் இரண்டு நாள் யாராவது சிநேகிதர் வீட்டில் படுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

பற்றரி தீர்ந்தால் அலாரம் நிமிடத்துக்கு ஒருக்கால் சின்னதாக ஒரு 'கீச்' போடும். விடாமல் அடுக்கடுக்காகக் கத்தினால் அது பற்றரி அல்ல, காற்றில் காபன் மொனொக்சைட் இருக்கிறது என்று அர்த்தம். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. இரத்தத்தில் ஒட்சிசன் ஏற வேண்டிய இடத்தில் அது இருநூறு மடங்குக்கு மேல் பிடிப்பாக ஏறி உட்கார்ந்துகொள்ளும். தலையிடி, சத்தி (வாந்தி), அசதி, எல்லாம் தடிமன் (சளி) காய்ச்சல் மாதிரியே இருக்கும், அதுதான் ஆபத்து. தலை இன்னும் கனமாக இருந்தால் வைத்தியரிடம் போய் விசயத்தைச் சொல்லுங்கள், தானாகப் போகட்டும் என்று இருக்க வேண்டாம்.

நான் எண்பதுகளின் கடைசியில் நோர்வேக்கு வந்து வடக்கே ஃபின்மார்க்கில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்தவன். இப்போது பேர்கனில் 24 அடி மரப் படகு வைத்திருக்கிறேன், பதினாறு வருடமாக டீசல் ஹீற்றரோடு சீவிக்கிறேன். நாகை அண்ணர் புகையைப் பற்றிச் சொன்னது எல்லாம் சரி. ஆனால் அந்த ஓட்டைக் கதையை மட்டும் கேட்க வேண்டாம். லொறிக்கு அடியில், வெளிக்காற்றில் தொங்குகிற குழாய்க்கு ஓட்டை போடலாம். உங்களுடையது படகுக்குள், மூடின லாக்கருக்குள் ஓடுகிறது. அங்கே ஓட்டை போட்டால் தண்ணீர் மட்டுமா வரும்?

கிற்றில் வருகிற அந்த மலிவுச் சைலன்சரே லொறிக்குச் செய்தது. தகட்டை மடித்து அழுத்தின பொருத்து, அடியில் தண்ணீர் வடிய ஏற்கனவே ஒரு துளையும் இருக்கும். வாயு ஒழுகாது என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. படகுக்கு முழுதாக வெல்ட் பண்ணின, வாயு கசியாத துருப்பிடியாச் சைலன்சர் இருக்கிறது, அதை வாங்குங்கள். சத்தம் பரவாயில்லை என்றால் சைலன்சரே இல்லாமல் ஒரே துண்டுக் குழாயாக விடலாம், பொருத்துக் குறையக் குறைய நல்லது. குழாய் ஹீற்றரில் இருந்து வெளிவாசல் வரை ஒரே சரிவாக இறங்க வேண்டும், பள்ளம் இருக்கக் கூடாது, அப்போது தண்ணீர் தானாக வெளியே போகும். என்னைப்போல் கடலில் ஓடுபவர்கள் அலை உள்ளே ஏறாதிருக்க வாசலுக்குக் கிட்ட ஒரு வளையம் மேலே எடுத்து இறக்க வேண்டும். கால்வாயில் உங்களுக்கு அது தேவைப்படாது, வாசல் நீர்மட்டத்துக்கு நல்ல உயரத்தில் இருந்தால் போதும்.

இன்னொன்றையும் வடிவாகப் பாருங்கள். ஹீற்றர் சூடாக்குகிற காற்றை எங்கிருந்து இழுக்கிறது? லாக்கருக்குள் இருந்து என்றால், சைலன்சர் கசிகிற அதே லாக்கர்க் காற்றை இழுத்துச் சூடாக்கி நேரே உங்கள் படுக்கைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. அந்த இழுவாயை ஒரு குழாய் வைத்துக் கபினுக்குள் கொண்டுவந்து விடுங்கள்.

லீ_ஆற்று_அக்கா

பேர்கன் அண்ணா சொன்னதுதான் முதலில். இங்கிலாந்தில் தூங்குகிற வசதியுள்ள படகில் சிஓ அலாரம் இருக்க வேண்டும் என்பது 2019 ஏப்ரலில் இருந்து பாதுகாப்புச் சான்றிதழ் விதியிலேயே இருக்கிறது. நாலு வருடத்துக்கு ஒரு முறை சோதனைக்கு வருகிறவர் பார்ப்பார் என்பது ஒரு பக்கம், அவர் வருகிறவரை நீங்கள் உயிரோடு இருக்க வேண்டும் என்பது இன்னொரு பக்கம்.

ஊர்சுத்திக்கு: கால்வாய் ஓரத்தில் பிளக் கிடையாது. 2 கிலோவாட் ரூம் ஹீட்டரை 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டினால் 166 ஆம்பியர் இழுக்கும், 100 ஆம்பியர்-மணி பேட்டரி அரை மணி நேரம்கூடத் தாங்காது. ஒரு லிட்டர் டீசலில் ஏறக்குறைய 10 கிலோவாட்-மணி வெப்பம் இருக்கிறது. அதனால்தான் இந்தப் பாடு.

சரி, ஆல்பர்ட்டன் தம்பி. பர்னரைக் கழற்றாதீர்கள், இன்னும் இல்லை. நீங்களே விடையைக் கேள்வியில் எழுதிவிட்டீர்கள்: என்ஜின் ஓடினால் பற்றுகிறது, ஓடாவிட்டால் பற்றவில்லை. கரி என்றால் மதியத்திலும் கரிதானே? என்ஜின் ஓடும்போது மாறுவது ஒன்றுதான், பேட்டரியைச் சார்ஜ் செய்கிற ஆல்டர்னேட்டர் 14 வோல்ட் கொடுக்கிறது.

கன்ட்ரோலரில் 12.3 பார்த்தேன் என்கிறீர்கள், எப்போது பார்த்தீர்கள்? ஹீட்டர் சும்மா இருக்கும்போதுதானே? வயரில் கரண்ட் ஓடாதபோது எவ்வளவு மெல்லிய வயரிலும் வோல்ட் குறையாது. குளோ பிளக் சூடாகிற அந்த முதல் ஒன்றிரண்டு நிமிடம்தான் ஹீட்டர் 9, 10 ஆம்பியர் இழுக்கும். பற்றிய பிறகு ஃபேனுக்கும் பம்புக்கும் ஒன்றிரண்டு ஆம்பியர் போதும். அந்த முதல் நிமிடத்தில் பார்க்க வேண்டும்.

வயர் என்ன தடிமன்? கிட்டோடு வந்ததையே அதே அளவில் நீட்டியிருந்தால் 1.5 சதுர மில்லிமீட்டர் இருக்கலாம். கணக்குப் போடுவோம். 6 மீட்டர் போக, 6 மீட்டர் வர, மொத்தம் 12. செம்புக்கு ஒரு மீட்டருக்கு, ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 0.0172 ஓம். 12ஆல் பெருக்கி 1.5ஆல் வகுத்தால் ஏறக்குறைய 0.14 ஓம். 9 ஆம்பியருக்கு ஒன்றேகால் வோல்ட் வயரிலேயே போய்விடும். ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜும் விளக்கும் ஓடி இறங்கிய பேட்டரி, அதுவும் மைனஸ் 3 குளிரில், சுமை விழுந்ததும் 12க்குக் கீழே போகும். அங்கிருந்து இன்னும் ஒன்றேகால் கழித்தால் ஹீட்டருக்கு என்ன மிஞ்சும்?

சிஓ விஷயத்தை முடித்துவிட்டு, ஹீட்டரின் பிளக்கிலேயே மல்டிமீட்டர் முனைகளைச் சொருகி, குளோ ஆகும்போது எண்ணைப் படித்து எழுதுங்கள். அதே நேரம் ஃபியூஸ் ஹோல்டரைத் தொட்டுப் பாருங்கள், சுடுகிறதா என்று.

ஆல்பர்ட்டன்_படகு

நான்கு நாள் ஆகிவிட்டது, மன்னிக்கவும். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

பேர்கன் அண்ணா, உங்கள் பதிலை வேலையிடத்தில் படித்தேன், அன்றைக்கு வெம்ப்ளியில் நண்பன் வீட்டுச் சோபாவில்தான் படுத்தேன். நண்பன் மறுநாள் பிடித்து இழுத்துக்கொண்டு போய் டாக்டரிடமும் காட்டினான். மூன்றாம் நாள் தலைகனம் போய்விட்டது. சளி இல்லை போல. கொஞ்சம் நடுங்கிப்போனேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

சனிக்கிழமை லாக்கரைத் திறந்து சைலன்சர் மேல் சுற்றியிருந்த வெப்பத்துணியை அவிழ்த்தேன். உள்பக்கம், சைலன்சர் மடிப்பு வருகிற இடம் நெடுக, ஒரு விரல் அகலத்துக்குக் கரிக்கோடு. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது. அடியில் நீங்கள் சொன்ன துளையும் இருந்தது. நான் அதைக் கீழ்ப்பக்கமாக, கவனமாக, லாக்கருக்குள்ளேயே திருப்பி வைத்திருக்கிறேன். என்னைச் சொல்லணும். வெல்ட் செய்த சைலன்சரும் புதுக் குழாயும் வாங்கிப் போட்டாயிற்று, ஒரே சரிவு. ஹீட்டர் காற்று இழுப்பதும் லாக்கரில் இருந்துதான், அதையும் கேபினுக்கு மாற்றிவிட்டேன். இப்போது இரண்டு அலாரம், ஒன்று எண் காட்டுவது, சுழியத்திலேயே நிற்கிறது.

அப்புறம் அக்கா, நீங்கள் சொன்ன அளவு. ஞாயிறு காலை ஆறு மணி. சும்மா இருக்கும்போது பேட்டரியில் 12.3, ஹீட்டர் பிளக்கிலும் 12.3. குளோ ஆரம்பித்ததும் பேட்டரியில் 11.9, ஹீட்டர் பிளக்கில் 10.2! ஃபியூஸ் ஹோல்டரைத் தொட்டுப் பார்க்கத் தேவையே இல்லை, பிளாஸ்டிக் பழுப்பாகி வளைந்திருக்கிறது. வயர் 1.5 தான். ஒன்று மட்டும் புரியவில்லை, இவ்வளவு குறைந்தால் குறைவோல்ட்டுக்கான எர்ரர் கோட் அல்லவா வர வேண்டும், ஏன் இ-10 வருகிறது?

லீ_ஆற்று_அக்கா

அந்த எர்ரர் கோட் வர ஒரு எல்லை இருக்கிறது, உங்களுடையது அந்த எல்லைக்குச் சற்று மேலேயே நின்றிருக்கும். அதனால் ஹீட்டர் தன் போக்கில் முயன்றுகொண்டே இருந்திருக்கிறது. பிளக் சூடாவது வோல்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. 12 இருக்க வேண்டிய இடத்தில் 10.2 என்றால் ஏறக்குறைய முக்கால் பங்குச் சூடுகூட இல்லை, 72 சதவீதம். டீசலை ஆவியாக்கப் போதும், பற்றவைக்கப் போதாது. உங்கள் வெள்ளைப் புகை அதுதான்.

வயரில் 1.2 போனது, மிச்ச அரை வோல்ட் அந்தப் பழுப்பு ஃபியூஸ் ஹோல்டரில் போயிருக்கிறது. அரை வோல்ட் 9 ஆம்பியரில் நாலரை வாட், அதுதான் பிளாஸ்டிக்கைச் சமைத்தது. 6 சதுர மில்லிமீட்டர் வயர் போடுங்கள், வெள்ளீயம் பூசிய படகு வயர் கிடைத்தால் நல்லது, 12 மீட்டருக்கும் 0.3 வோல்ட்தான் குறையும். நல்ல பிளேடு ஃபியூஸ் ஹோல்டர், பேட்டரிக்குப் பக்கத்திலேயே. முனைகளுக்கு லக்கு (உலோக முனை) அடித்து கிரிம்ப் செய்யுங்கள் (அழுத்தி இறுக்குங்கள்), முறுக்கி டேப் சுற்றாதீர்கள். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சொருகி ஹீட்டர் ஓட்டுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன், உங்களைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆல்பர்ட்டன்_படகு

வயர் மாற்றியாயிற்று. இன்று காலை குளோ நேரத்தில் ஹீட்டர் பிளக்கில் 11.6. முதல் முயற்சியிலேயே பற்றியது, புகை கொஞ்சம்தான். அக்காவுக்கு ஈலிங் ரோட்டு மசால் தோசை ஒன்று கடன்.

ஆனால் பாதி சந்தோஷம்தான். முப்பது நாற்பது நிமிடம் நன்றாக ஓடிவிட்டுத் தானாக அணைகிறது, பம்ப் டிக் டிக் என்று போய்க்கொண்டே இருக்கிறது, திரும்பத் தானே பற்றவைத்துக்கொள்கிறது. இது முன்பும் இருந்திருக்கும், பற்றுவதே அபூர்வம் என்பதால் நான் கவனிக்கவில்லை.

நாகை_டீசல்

ஓட்டை விஷயத்தில் பேர்கன் அண்ணன் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். எங்கள் படகில் என்ஜின் ரூம் காற்றோட்டமாக இருக்கும், அந்த ஞாபகத்தில் சொல்லிவிட்டேன். ஆனால் இப்போது வந்திருப்பது என் ஏரியா.

தம்பி, இது ஏர் எடுக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது குழாய்க்குள் பார், குமிழி வரும். சின்னச் சின்னதாக வருகிற குமிழியெல்லாம் எங்காவது ஒரு இடத்தில் சேர்ந்து, பெரிசாகி, ஒரே மொத்தமாக அடுப்புக்குப் போய்ச் சேர்கிறபோது நெருப்பு அணைகிறது. அதற்குத்தான் உனக்கு அரை மணி ஆகிறது.

உன் டேங்க் கீழே, பம்ப் மேலே என்று எழுதியிருக்கிறாய். அப்படியென்றால் டேங்கில் இருந்து பம்ப் வரைக்கும் உறிஞ்சுகிற பக்கம். உறிஞ்சுகிற பக்கத்தில் பொருத்து லூஸாக இருந்தால் எண்ணெய் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். லீக் இல்லை, ஈரமில்லை, எல்லாம் சுத்தமாக இருக்கிறது என்று நீ நினைத்துக்கொண்டிருப்பாய். எங்களிடம் புதுசாக வேலைக்கு வருகிற பையன்கள் எல்லோரும் இதில்தான் ஒரு நாள் முழுக்கத் தேடுவார்கள்.

பம்பை எப்படி வைத்திருக்கிறாய், படுக்கவா? படுக்க வைக்கக் கூடாது. வெளியே தள்ளுகிற வாய் மேல்நோக்கி இருக்கிற மாதிரி நன்றாகச் சாய்த்து வை, செங்குத்தாக நின்றாலும் தப்பில்லை. படுத்திருந்தால் குமிழி உள்ளேயே உட்கார்ந்துகொள்ளும்.

கிட்டில் பச்சைக் குழாய் கொடுத்தார்களா? அதை எடுத்துவிட்டு 2 மில்லிமீட்டர் உள்வாய் உள்ள கெட்டி நைலான் குழாய் போடு. அகலமான மெத்துக் குழாய்க்குள் குமிழி நகராது, பம்பின் அடிக்கும் அது விரிந்து சுருங்கும். ரப்பர் இணைப்பு போடுகிற இடத்தில் இரண்டு குழாய் முனையும் உள்ளே ஒன்றோடொன்று முட்டணும். நடுவில் இடைவெளி விட்டால் அதுவே குமிழிக்குக் கூடு.

எல்லாம் செய்வதற்கு முன்னாடி ஒரு அளவு எடு. ஹீட்டர் பக்கம் குழாயைக் கழற்றி, பிள்ளைகளுக்கு மருந்து கொடுக்கிற சிரிஞ்சுக்குள் விட்டு, கன்ட்ரோலரில் பம்பை மட்டும் ஓட்டி, டிக்கை எண்ணு. உன் பம்பில் 22 மில்லி என்று எழுதியிருந்தால் ஆயிரம் அடிக்கு (ஒரு டிக் ஒரு அடி) 22 மில்லி என்று அர்த்தம். 500 அடிக்கு 11 வரணும்.

ஆல்பர்ட்டன்_படகு

500 டிக் எண்ணினேன், நடுவில் ஒரு தடவை போன் வந்து கணக்கு விட்டுப்போய் மறுபடியும் முதலில் இருந்து. 7 மில்லி. அதுவும் மேலே நுரை. பம்பில் 22 என்றுதான் இருக்கிறது.

டேங்கில் இருந்து வரும் முதல் கிளிப்பைத் தொட்டதுமே சுற்றுகிறது அண்ணே. ஒரு சொட்டு டீசல்கூட வெளியே இல்லை, நீங்கள் சொன்ன மாதிரியே காய்ந்து சுத்தமாக இருந்தது. பம்ப் படுத்துதான் கிடந்தது. நைலான் குழாய், புது கிளிப், ஃபில்டர் எல்லாம் மாற்றி, பம்பை வாய் மேலே பார்க்கச் சாய்த்து வைத்தேன். மறுபடி எண்ணினேன், 11க்குக் கொஞ்சம் கம்மி. நேற்று ராத்திரி எட்டு மணி நேரம் நிற்காமல் ஓடியது.

கடைசியாக, பார்க்காமல் மனசு கேட்காமல், பர்னரையும் கழற்றினேன். நாகை அண்ணன் முதல் நாளே சொன்ன அந்த வலை பாதிக்கு மேல் அடைத்திருந்தது, அறைக்குள் தேங்காய்ச்சிரட்டைக் கரி மாதிரி கட்டி. இதற்கு நானே காரணம் என்று சந்தேகம். காலையில் வேலைக்கு ஓடுகிற அவசரத்தில் கன்ட்ரோலரில் நிறுத்தாமல் மெயின் சுவிட்சையே அணைத்துவிடுவேன்.

பேர்கன்_படகோட்டி

ஐயோ தம்பி, அதைச் செய்ய வேண்டாம். நிறுத்தினால் பம்ப் நின்றுவிடும், ஆனால் மிச்சத்தை எரித்துத் தள்ள குளோ பிளக் மறுபடி சூடாகும், ஃபான் சில நிமிடம் ஓடி உள்ளே ஆற வைக்கும். மின்சாரத்தை வெட்டினால் அத்தனை சூடும் உள்ளேயே நின்று சென்சர், மோட்டர் எல்லாவற்றையும் வறுக்கும், எரியாத டீசல் கரியாகும். ஹீற்றருக்குப் போகிற வயரில் சுவிற்சே வேண்டாம், ஃபியூஸ் மட்டும் போதும்.

உங்கள் படகு சின்னது. அந்தப் பெட்டியில் 8 என்று போட்டிருந்தாலும் உள்ளே இருப்பது அநேகமாக 5 கிலோவாட் ஹீற்றர்தான். அதுவே உங்களுக்கு அதிகம். கூடினதை ஆகக் குறைந்த சூட்டில் இரவு முழுக்க ஓட்டினால் கரி வைக்கும். கிழமைக்கு ஒரு தரமாவது அரை மணி நேரம் ஜன்னலைத் திறந்துவிட்டு முழுச் சூட்டில் ஓட விடுங்கள். நான் வசந்தத்தில் ஹீற்றரை மூடுவதற்கு முன் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் போட்டு எரிப்பேன், அது சுத்தமாக எரியும்.

கழற்றினபடியால் கேட்கிறேன், கேஸ்கெற் புதிது போட்டீர்களா? பழையதைத் திருப்பிப் போட வேண்டாம். பர்னருக்கும் நீங்கள் சுவாசிக்கிற காற்றுக்கும் நடுவில் நிற்பது அதுதான். சிலிக்கோன் பூசி ஒப்பேற்றவும் வேண்டாம், அந்தச் சூட்டுக்கு நிற்காது.

ஆல்பர்ட்டன்_படகு

கேஸ்கெட் செட் வாங்கிவிட்டுத்தான் கழற்றினேன் அண்ணா, உங்களுக்குப் பயந்தே. மெயின் சுவிட்சைத் தாண்டி வயரை நேராக ஃபியூஸுக்குக் கொடுத்துவிட்டேன். இன்று காலை ஐந்தரைக்கு மைனஸ் 2. முதல் தடவையே பற்றியது, சிஓ சுழியம், எதிர்ப் படகுக்காரர் ஜன்னலைத் திறக்கவில்லை.

டிக் டிக் சத்தத்துக்கு மட்டும் யாரும் பதில் சொல்லவில்லை. இப்போது ராத்திரி முழுக்க ஓடுவதால் ராத்திரி முழுக்கக் கேட்கிறது.

நாகை_டீசல்

பம்பைப் பலகையில் இறுக்கிக் கட்டினால் பலகைதான் கத்தும். பழைய சைக்கிள் டியூபில் இரண்டு இஞ்ச் வெட்டி, வளையமாக மடித்து, அதில் பம்பைத் தொங்கவிடு, பலகையில் எங்கேயும் முட்டக் கூடாது. சாய்வு மட்டும் மாறாமல் பார்த்துக்கொள், இல்லையென்றால் திரும்ப 500 எண்ண வேண்டியிருக்கும்.